ஒரு ஃபோர்மேன் வகுத்த நெம்புகோல்

நாகூருக்கு மீட்டர்கேஜ் ரயிலில் சென்றுவந்த மூத்தோரிடம் கேட்டால் கரியும் புகையும்தான் முதலில் அவர்கள் நினைவுக்கு வரும். நடைமேடையில் நின்று சக்கரங்களைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பெரிய சக்கரங்களைப் பிணைத்த தடித்த தண்டுகளுக்கு மேலே மெலிந்த சில தண்டுகளும் ஒரு நெம்புகோலும் ஆடிக்கொண்டிருக்கும். அவை வண்டியை இழுப்பவை அல்ல; சிலிண்டருக்குள் நீராவியை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று வால்வுக்கு உணர்த்துபவை. நம் நாட்டின் ஒய்.பி. வகை மீட்டர்கேஜ் எஞ்சின்களிலும் டபிள்யூ.பி. வகை அகலப்பாதை எஞ்சின்களிலும் இருந்த இவ்வமைப்பை வகுத்தவர் பெல்ஜியம் ரயில்வே பணிமனையின் ஃபோர்மேன் ஒருவர். பெயர் எகிட் வால்ஷார்ட்ஸ்.

அவர் 1820இல் மெகலன் நகரில் பிறந்தார். பிரஸ்ஸல்ஸிலிருந்து அந்நகருக்கு 1835இல் ரயில் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மூன்றே ஆண்டுகளில், தம் ஊர்ப் பொருட்காட்சியில், தாமே செய்த இயந்திர மாதிரிகளை வைத்தார். அவற்றைக் கண்டு வியந்த அமைச்சர் ஒருவர் லியேஜ் பல்கலைக்கழகத்தில் அவர் பயில வழிசெய்தார். கடும் நோய் அப்படிப்பை முடிக்க விடவில்லை. 1842இல் அரசு ரயில்வேயில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர், இரண்டாண்டுகளில் பிரஸ்ஸல்ஸ் பணிமனையின் ஃபோர்மேன் ஆனார்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் யாது? பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. வால்வும் அவ்வாறே ஓடவேண்டும், ஆயினும் கால் சுற்று முந்தி. இது எளிது. ஆனால் நீராவியைச் சிக்கனமாகச் செலவிட, பிஸ்டன் பாதிவழியில் இருக்கும்போதே வரவை அடைத்து, உள்ளே சென்ற நீராவி தானே விரிந்து தள்ளுமாறு விடவேண்டும். அதற்காக வால்வின் விளிம்பை வாயிலைவிடச் சற்று நீட்டி அமைப்பார்கள். நீட்டியதும் கால் சுற்று போதாது. இன்னும் முந்த வேண்டும். எஞ்சின் பின்னோக்கிச் செல்லும்போதும் இக்கணக்கு பிழைக்கக்கூடாது.

நியூகாஸிலில் ராபர்ட் ஸ்டீவன்சன் நிறுவனத்தில் 1842இல் இதற்கொரு விடை பிறந்தது. வில்லியம்ஸ் என்னும் இளம் வரைவாளரும் ஹோவ் என்னும் அச்சுத் தச்சரும் கண்ட அந்த அமைப்பை உலகம் இன்றுவரை முதலாளியின் பெயராலேயே அழைக்கிறது.

வால்ஷார்ட்ஸ் 1844இல் கண்ட விடை வேறு. தேவையான அசைவை அவர் இரண்டாகப் பிரித்தார். சக்கரத்தின் கிராங்க்குக்குக் கால் சுற்று விலகி நிற்கும் சிறு கிராங்க் ஒன்றிலிருந்து முதலாவது அசைவு வருகிறது. இரண்டாவது, பிஸ்டனின் ஓட்டத்திலிருந்தே எடுத்துச் சுருக்கிய சிற்றசைவு. இரண்டையும் கூட்டித் தருவது ஒரே ஒரு நெம்புகோல். எழுதுகோலால் போடவேண்டிய கூட்டலை இரும்பு போடுகிறது!

நம் வீட்டுப் பிள்ளைகளோடு சிறு மாதிரி இயந்திரம் ஒன்றைச் செய்ய முனைந்தபோதுதான் இதன் அருமை நமக்கு விளங்கிற்று. பிஸ்டனின் ஓட்டம் 40 மில்லிமீட்டர். ஆகவே கிராங்க்கின் ஆரம் 20. வால்வு விளிம்பின் நீட்சி 3.5, பிஸ்டன் கோடிக்கு வரும்போதே வாயில் திறந்திருக்க வேண்டிய அளவு 0.5, ஆக 4. இருபதுக்கு நான்கு, அதாவது ஐந்துக்கு ஒன்று. நெம்புகோலின் கீழ்க்கை 50 மில்லிமீட்டரானால் மேற்கை 10. நாமோ முதலில் நெம்புகோலின் முழு நீளத்தையும் ஐந்தாகப் பகுத்து, ஒரு பங்கை மேற்கைக்குக் கொடுத்தோம். விகிதம் நான்குக்கு ஒன்றாகி, வால்வு 5 மில்லிமீட்டர் நகர்ந்தது. அட்டையில் வெட்டிப் பார்த்ததால் பித்தளை தப்பியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் அசைவைக் கடத்தும் தண்டு, வளைந்த ஒரு பிளவுத் தகட்டில் மேலும் கீழும் நழுவும். நடுவுக்கு மேலே ஒரு திசை, கீழே எதிர்த்திசை. அத்தகட்டின் வளைவு ஆரம் அந்தத் தண்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். பிஸ்டனைக் கோடியில் நிறுத்தி, தண்டை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்: வால்வு சற்றும் அசையாவிடில் கணக்கு சரி.

சுழற்சியை முன்பின் ஓட்டமாக்கும் கலையைப் பேசும்போது அல்-ஜஸரியை நாம் மறக்கவியலாது. தியார்பக்ரின் அர்துகிய ஆட்சியாளரிடம் பணியாற்றிய அவர், ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், நிறைவுசெய்த நூலில், எதிரெதிராய் நிற்கும் இரு பிஸ்டன்களால் நீரிறைக்கும் பொறியை வரைபடத்தோடு விளக்கினார். ஆயினும் பெல்ஜியத்து ஃபோர்மேன் இவரிடமிருந்தே கற்றார் என்று பெருமை பேசுவது நேர்மையாகாது. ஒருவர் உழைப்பை மற்றொருவர் கணக்கில் எழுதும் பழக்கம் நம்மிடமும் வரவேண்டாம்.

ஏனெனில் வால்ஷார்ட்ஸுக்கு நேர்ந்ததும் அதுவே. அரசு ரயில்வேயின் விதிகள் ஒரு ஃபோர்மேனுக்குக் காப்புரிமை பெற இடம்தரவில்லை. ஃபிஷர் என்னும் பொறியாளர் தம் பெயரில் பெல்ஜியத்தில் அதற்கு விண்ணப்பித்தார். ஆனால் கண்டுபிடிப்பு தமது என்று ஃபிஷர் ஒருபோதும் உரிமை கொண்டாடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் ஹொய்சிங்கர் என்பவர் இதே வழியைத் தனியே 1849இல் கண்டார். அங்கு இவ்வமைப்புக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆங்கில நூல்கள் பல வால்ஷார்ட்ஸின் பெயரைச் சொல்லினும் கடைசி எழுத்தை விட்டுவிட்டன.

1901இல் இறந்த வால்ஷார்ட்ஸ் ரயில்வே பணியில் ஃபோர்மேன் பதவிக்கு மேல் உயரவேயில்லை. அவருடைய நெம்புகோலோ அவருக்குப் பின் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கடந்து நம் ஊர்த் தண்டவாளங்கள் வரை வந்து சேர்ந்தது.