கிறிஸ்துமஸ் விளக்கும் ஏணி ஏறும் ஆளும் – ஒரு சின்ன வரலாறு

அமெரிக்காவில் டிசம்பர் வந்துவிட்டால் கூரை விளிம்பு, வாசல் மரம், வேலி என்று எல்லா இடத்திலும் விளக்கு எரியும். நாம் சீரியல் செட் என்கிறோமே, அதேதான். ஆனால் பல வீடுகளில் இதை வீட்டுக்காரர் கட்டுவதில்லை. அதற்கென்றே கம்பெனிகள் உண்டு. ஏணியோடு ஆட்கள் வந்து கட்டுவார்கள், ஜனவரியில் வந்து கழற்றுவார்கள். "காசு கொழுத்தவர்கள் செய்கிற வேலை" என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த விளக்கு அலங்காரம் பரவத் தொடங்கியதே கூலிக்கு ஆள் வைத்துத்தான்!

1882-ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகளை எரியவிட்டார். அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான். காய்ந்த மரமும் நெருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் மக்கள் உடனே பல்புக்கு மாறவில்லை. முதலில் வீட்டில் கரண்ட் வேண்டும். பிறகு ஒவ்வொரு பல்புக்கும் கையால் வயர் இணைக்க ஒரு வயர்மேன் வேண்டும். 1903-க்கு முன் ஒரு மரத்துக்கு இப்படி விளக்குப் போட இன்றைய மதிப்பில் சுமார் 2,000 டாலர் ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆக, பணக்காரர் வீட்டு மரம் மட்டுமே மின்சாரத்தில் எரிந்தது.

1903-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, வயர் இணைத்த ரெடிமேட் செட்டை விற்க ஆரம்பித்தது. சொருகினால் எரியும். வயர்மேனுக்கு வேலை இல்லாமல் போனது. விலை மெல்ல இறங்க, 1920களில் விளக்கு வீட்டுக்கு வெளியேயும் வந்தது. கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் 1920-ல் ஒரு தெருவின் தேவதாரு மரங்களுக்கு ஊர்க்காரர்களே விளக்குக் கட்டினார்கள். வீடுகளுக்கு அலங்காரப் போட்டிகளும் வந்தன. விளக்கு எரிந்தால் மீட்டர் ஓடுமே, மின்சாரக் கம்பெனிகள் ஆதரிக்காமல் இருக்குமா? 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது, அலங்கார விளக்குகளைக் குறையுங்கள் என்று அதிபர் நிக்சனே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பழக்கம் பரவியிருந்தது.

அப்புறம் ஏன் மறுபடி கூலி ஆள்? வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தோட்டம் பராமரிக்கும் கம்பெனிகளுக்குக் குளிர்காலத்தில் புல் வெட்டும் வேலை கிடையாது. ஆனால் வண்டி, ஏணி, ஆட்கள், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் கையில் இருக்கிறது. சும்மா கிடக்கும் இந்த முதலீட்டை வைத்து 1980களில் சிலர் விளக்குக் கட்டும் தொழிலில் இறங்கினார்கள். அப்படி டெக்சாஸில் தொடங்கிய 'கிறிஸ்துமஸ் டெக்கர்' பின்னர் பல ஊர்களுக்கு உரிமம் கொடுத்து வளர்ந்தது. இப்போது கூரையை அளந்து, எல்இடி சரத்தை அதற்கேற்ப வெட்டி, ஆணி அடிக்காமல் கிளிப்பில் மாட்டி, பழுது பார்த்து, கழற்றி, பல இடங்களில் அடுத்த வருடம் வரை பத்திரமாக வைத்தும் கொடுக்கிறார்கள். நியூயார்க்கின் டைக்கர் ஹைட்ஸ் பகுதியில் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்க்கும் வீடுகளில் பல இப்படிக் கூலிக்கு அலங்கரிக்கப்பட்டவைதான்.

இரண்டு காலத்துக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. அன்று வயர்மேனிடம் வாங்கியது தொழில் அறிவு. இன்று பெரும்பாலும் வாங்குவது, உயரத்தில் ஏறும் ஆபத்தை நமக்குப் பதிலாக இன்னொருவர் ஏற்றுக்கொள்வதை. பண்டிகைக் காலத்தில் அலங்கார வேலையால் தினமும் சராசரியாக 160 பேர் காயமடைகிறார்கள், அதில் கிட்டத்தட்ட பாதி கீழே விழுவதால் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. பல்பின் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. கூரையின் உயரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அதனால்தான் விலை கேட்கும் முன், வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள் என்று அங்கே அறிவுரை சொல்கிறார்கள். மிகக் குறைவாக ரேட் சொல்பவர் பெரும்பாலும் எதில் மிச்சம் பிடித்திருப்பார்? பல்பு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். மிச்சம் பிடிக்க இருப்பது ஏணியில் நிற்பவரின் கூலியும் பாதுகாப்பும்தான். நண்பர்களே, எந்த ஊர்த் திருவிழாவில் விளக்கு அலங்காரத்தைப் பார்த்தாலும், அதைக் கட்ட மேலே ஏறியவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.