தீவின் பசி தீர்த்த ஒடியல்

சரவணை என்னும் ஊர் வேலணைத் தீவிலே உள்ளது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அத்தீவினை லைடன் என அழைத்தனர். அங்கு ஆறில்லை. குளமும் கிணறும் வடகீழ்ப் பருவமழையையே நம்பியிருப்பன. ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்துவிடின் தையில் அறுப்பதற்கு நெல் இராது. இத்தகைய நிலத்திற் பல தலைமுறை மக்கள் பசியாறிய வகை யாது என வினவுவோர்க்கு, வேலியிலும் வளவிலும் நிற்கும் பனையையே காட்டல் வேண்டும்.

பனையென்றதும் கள்ளையும் கருப்பநீரையும் நினைப்பவர் பலர். கிழங்கை நினைப்பவர் சிலர். ஆடி ஆவணியில் விழும் பழங்களின் விதைகளை மாரிக்கு முன்னர் மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடுவர். முளையானது மேலெழாது மண்ணுக்குள் இறங்கி, விதையிலுள்ள உணவை மாப்பொருளாகத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். இதனையே நாம் கிழங்கென்கிறோம். தை மாசியிற் பாத்தியைக் கிண்டுவர். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்தபின் உலர்த்தினால் புழுக்கொடியல். இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதுவோர் கொழும்பிற் பலருளர்! புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடன் கடித்துத் தின்னலாம். ஒடியலோ இடித்து மாவாக்கிய பின்னரே உணவாகும். நன்கு காய்ந்தால் இரண்டும் பல மாதம் கெடாதிருக்கும்.

வில்லியம் பெர்குசன் என்பார் 1850ஆம் ஆண்டிற் பனையைப் பற்றிக் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். பனையின் 801 பயன்களைக் கூறும் தாலவிலாசம் என்னும் தமிழ் நூலை அவர் அதிலே குறிப்பிடுகின்றார். எண்ணூற்றொன்றையும் எண்ணிச் சரிபார்த்தவர் உளரோ, அறியேன். தீவகத்தாருக்கு அவற்றுள் முதன்மையானது கூழ்தான்.

ஒடியல் மாவிற் பெரும்பகுதி மாப்பொருள், நாரும் உண்டு, புரதம் குறைவு. அதனை மட்டும் உண்டு வாழ்பவன் மெலிவான். நம் முன்னோர் அதனைத் தனியே உண்டாரல்லர். சிறுமீன், நண்டு, இறால் ஆகியன புரதத்தைத் தந்தன. முருங்கையிலையும் பயிற்றங்காயும் உயிர்ச்சத்துகளைத் தந்தன. செத்தல் மிளகாயும் பழப்புளியும் சுவை தந்தன. கடலோரத்து ஏழைக்கு இவற்றுள் விலைகொடுத்து வாங்கவேண்டியது மிகச் சிலவே. 1786ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தராட்சியில் இலங்கைக்கு வந்த மரவள்ளியும் பின்னர் இப்பானையிற் புகுந்தது. பனையோலையாற் கோலிய பிளாவிற் கூழை ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பர்.

ஒடியல் மாவில் ஒரு கசப்புண்டு. மாவை நீரிற் கரைத்து ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் ஊற்றி வடித்த பின்னரே பெண்கள் அடுப்பேற்றுவர். இதனைச் சுவைக்காகச் செய்வதாகவே பலர் எண்ணியிருந்தனர். 1970களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர் எலிகளுக்கு ஒடியல் மாவை ஊட்டிப் பார்த்தபோது, அதில் நச்சுத்தன்மை உண்டெனக் கண்டனர். பாட்டியர் ஊற்றி வடித்த நீரை வீண் வேலையென்று எள்ளியோர் சற்றுச் சிந்திக்கவேண்டியவராயினர்.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. ஏழைகளின் உணவென இகழப்பட்ட ஒடியலின் அருமை அத்தகைய காலங்களிலேதான் விளங்கும். 1990களில் வடபகுதிக்குப் பொருள் வருவது தடைப்பட்டபோதும் அவ்வாறே. ஆயின் அப்போது தீவகத்து மக்களுட் பெருந்தொகையினர் ஊரைவிட்டுப் பெயர்ந்திருந்தனர். பாத்தி கிண்டுதற்கு ஆளில்லை. எறிகணையால் தலையிழந்த பனைகளும் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளும் வடபகுதியெங்கும் மிகப் பல. நட்ட விதை காய்க்கும் பனையாவதற்குப் பதினைந்து ஆண்டுகளாவது செல்லும்.

1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களின் உற்பத்தியை ஊக்குவித்து வருகின்றது. கடல் கடந்து வாழும் தீவகத்தாரும் ஒடியல் மாவைத் தேடி வாங்குகின்றனர். பொதியிலே மா வாங்குவோர், அடுப்பை மூட்டுமுன் இருமுறையாவது நீர் மாற்றி வடிப்பாராக.