ஆயிரம் பவுண்டு... இல்லாவிட்டால் கயிறு இல்லை!

வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் துறைமுகம். நல்ல புயல். ‘போர்ட் கலிடோனியா’ என்ற கப்பலின் நங்கூரம் பிடி தளர்ந்துவிட்டது. கப்பல் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் நின்ற ‘அன்னா’ என்ற கப்பலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. முட்டினால் இரண்டுமே காலி. உதவிக்கு ஒரு இழுவைக் கப்பல் வருகிறது. அதன் கேப்டன் ரேட் சொல்கிறார். ஆயிரம் பவுண்டு. முடியாது என்றால் கயிறு கிடையாது!

பேரம் பேச ஏது நேரம்? தலையாட்டினார்கள். கயிறு வந்தது, கப்பல் பிழைத்தது. விவகாரம் 1903-ல் இங்கிலாந்து கோர்ட்டுக்குப் போனது. ‘ஒப்புக்கொண்டாய் அல்லவா, எடு ஆயிரத்தை’ என்று ஜட்ஜ் சொல்லவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது சொன்ன ‘சரி’யை எப்படிச் சரி என்று எடுத்துக்கொள்வது? ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டு, செய்த வேலைக்கு 200 பவுண்டு என்று முடித்துவிட்டார்.

கப்பல் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? நடுராத்திரி பைபாஸில் கார் நின்றுபோய், ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டு, வந்தவர் சொன்ன தொகையைக் கேட்டு வாயடைத்துப் போனவர்களைக் கேளுங்கள். அவர்களும் ஒருவகையில் ஹோலிஹெட்டில் நின்றவர்கள்தான்.

கடல்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். காப்பாற்றினால் கூலி, காப்பாற்றாவிட்டால் கூலி இல்லை. இதுதான் அடிப்படை. இதை வைத்து 1908-ல் லண்டன் லாயிட்ஸ் ஒரு படிவமே போட்டது. ‘லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம்’ என்று பெயர். விசேஷம் என்னவென்றால், அதில் தொகை இருக்காது. முதலில் கப்பலைக் காப்பாற்று. என்ன கூலி என்பதை, ஆபத்தெல்லாம் நீங்கிய பிறகு ஒரு நடுவர் உட்கார்ந்து முடிவு செய்வார். ஆபத்து நேரத்தில் விலை பேசக்கூடாது என்பதுதான் சூட்சுமம்.

சாலைக்கு அப்படி ஒரு படிவம் வரவில்லை. ஆரம்ப காலத்தில் நின்றுபோன காரைக் குதிரை கட்டி இழுத்தார்கள். அல்லது நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

1916-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், சாட்டனூகா என்ற ஊரில் ஒரு சம்பவம். ஜான் வைலி என்பவரின் ஃபோர்டு மாடல் டி கார், ஊருக்கு வெளியே ஓடைக்குள் விழுந்துவிட்டது. கராஜ் வைத்திருந்த எர்னெஸ்ட் ஹோம்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். கயிறு, கட்டை, கப்பி என்று கையில் கிடைத்ததை வைத்து ஆறு பேர் சேர்ந்து இழுத்தும், காரைக் கரையேற்ற ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், எட்டு மணி நேரம். ஒரு காருக்கு 48 ஆள்-மணி. எந்தக் கடைக்குக் கட்டுப்படியாகும்? ஹோம்ஸ் யோசித்தார். 1913-ம் வருட காடிலாக் கார் ஒன்றின் பின்பக்கம் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, சங்கிலி இவற்றைப் பொருத்தினார். இன்று நாம் பார்க்கும் டோயிங் வண்டியின் தாத்தா அதுதான். இந்தத் தொழிலுக்கென்று இருக்கும் மியூசியம் இன்றும் அதே சாட்டனூகாவில்தான் இருக்கிறது.

ஆறு ஆள் வேலையை ஓர் ஆள் செய்யலாம் என்றால் கூலி குறைந்திருக்க வேண்டுமே? இங்கேதான் விஷயம். ஆள் செலவு குறைந்தது. வண்டிச் செலவு வந்து உட்கார்ந்துகொண்டது. ரெக்கவரி வண்டி என்பது கிட்டத்தட்ட தீயணைப்பு வண்டி மாதிரி. நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கும். அப்போதும் கடன் தவணை ஓடும், இன்ஷூரன்ஸ் ஓடும், டிரைவருக்குச் சம்பளம் ஓடும். அழைப்பே வராத மணி நேரங்களின் செலவையும் அழைத்தவர் தலையில்தான் கட்ட முடியும். ‘ரெண்டு கிலோமீட்டர்தானேப்பா இழுத்தே, இவ்வளவா?’ என்று நாம் கேட்பது அதனால்தான் எடுபடுவதில்லை. நாம் தூரத்துக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை, அவர் தயாராக நின்றதற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

ஒரு டோயிங் பில்லைப் பிரித்தால் பொதுவாக இப்படித்தான் இருக்கும். முதலில், வந்து கொக்கி மாட்டுவதற்கான அடிப்படைக் கட்டணம். அடுத்து, கிலோமீட்டர் கணக்கு. இது உங்கள் கார் நின்ற இடத்திலிருந்து ஆரம்பமா, அவர் ஷெட்டிலிருந்தா என்பதில்தான் முக்கால்வாசி சண்டை. மூன்றாவது, கூடுதல் வேலை. பள்ளத்தில் கிடந்தால் வின்ச் போட்டு இழுக்க வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியை ரோட்டில் உருட்டிக்கொண்டே இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும். மொத்தமாக முதுகில் ஏற்றிக்கொள்ளும் வண்டிதான் வேண்டும், அதற்கு ரேட் வேறு. நான்காவது, ராத்திரி, காத்திருப்பு. ஐந்தாவது, பலரும் கவனிக்காத ஒன்று, ஷெட்டில் நிறுத்தி வைக்கும் நாள் வாடகை.

இதுவரை சொன்னது நியாயமான செலவு. இதோடு நம் கையாலாகாத நிலைமைக்கு ஒரு விலை சேரும்போதுதான் வயிறு எரிகிறது. இந்த இரண்டையும் பிரிப்பது எப்படி? ரோட்டு வரலாற்றில் இரண்டு வழிகள் கிடைத்தன.

ஒன்று, வண்டி நிற்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது. லண்டனில் 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆரம்பித்தது, போலீஸ் எங்கே ஸ்பீடு பிடிக்கிறது என்று கார்க்காரர்களை எச்சரிப்பதற்குத்தான்! பிறகுதான் பிரேக்டவுன் உதவி அதன் முக்கிய வேலையானது. ஜெர்மனியின் ஏடிஏசி சங்கம் 1954-ல் ரோட்டில் மஞ்சள் நிற உதவிப் படையை இறக்கியது. ‘மஞ்சள் தேவதைகள்’ என்று ஜனங்கள் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்று அந்தச் சங்கத்துக்கு 2 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். வண்டி சும்மா நிற்கும் செலவை இத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்டால், ஒருவர் தலையில் எவ்வளவு விழும்?

இரண்டாவது வழி, சட்டம். பிரிட்டனில் போலீஸ் அப்புறப்படுத்தும் வாகனத்துக்கு அரசே ரேட் போட்டிருக்கிறது. ரோட்டில் நேராக நிற்கும், பெரிய சேதமில்லாத சாதாரண காருக்கு 2008-ல் 150 பவுண்டு. 2023-ல் அதை 192 ஆக்கினார்கள். நாள் வாடகை 20 பவுண்டிலிருந்து 26 ஆனது. எட்டு நாள் விட்டுவைத்தால் வாடகையே இழுவைக் கூலியைத் தாண்டிவிடும், பாருங்கள்!

அமெரிக்காவின் 1995-ம் வருடச் சட்டம் ஒரு கோடு போட்டது. சொந்தக்காரர் சம்மதமில்லாமல் இழுத்துப்போன வண்டிக்கு மாநிலங்கள் ரேட் நிர்ணயிக்கலாம். அவரே கூப்பிட்டிருந்தால்? அது மார்க்கெட் பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையில், இருட்டில், குழந்தையோடு நிற்பவர் சொல்லும் ‘சரி’ எந்தக் கணக்கில் சேரும்? 1903-ல் ஒரு ஜட்ஜுக்குப் புரிந்தது இந்தக் கோட்டுக்குள் அகப்படவில்லை.

அந்த ஓட்டையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் காட்டியது. டொரன்டோ சுற்றுவட்டாரத்தில் விபத்து நடந்த இடத்துக்கு யார் முதலில் போவது என்று டோயிங் கும்பல்களுக்குள் அடிதடி. வண்டிகளைக் கொளுத்தினார்கள். கொலை வரை போனது. 2020-ல் போலீஸ் பலரைப் பிடித்தது. 2021-ல் தனிச் சட்டமே வந்தது. இப்போது அங்கே டோயிங் கம்பெனி தன் அதிகபட்ச ரேட்டை அரசிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வாங்கக்கூடாது. கயிறு கட்டும் முன் சம்மதக் கையெழுத்து, கட்டி முடித்தபின் விவரமான பில்.

நம்மூர் கதை? 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில், தனியார் கார் பாலிசியின் வாசகத்திலேயே டோயிங் இருக்கிறது. விபத்தில் முடங்கிய காரை அருகிலுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுசேர்த்துத் திரும்ப ஒப்படைக்கும் செலவு, மொத்தம் 1,500 ரூபாய் வரை. கவனியுங்கள், விபத்தில்! வெறுமனே இன்ஜின் மக்கர் செய்து நின்றால் அது இதில் சேராது. அதற்கு ‘ரோடுசைடு அசிஸ்டென்ஸ்’ என்று தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. இன்றே போனில் பதிந்துவையுங்கள்.

பாலிசியும் இல்லை, வண்டியும் நின்றுவிட்டது என்றால், கொக்கி மாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு? கிலோமீட்டர் எங்கிருந்து ஆரம்பம்? வண்டி எங்கே போய் நிற்கும், நிற்பதற்கு வாடகை உண்டா? பதிலைப் போனில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நமக்காக ஆயிரத்தை இருநூறாக்க ராத்திரி ரோட்டில் எந்த ஜட்ஜும் நிற்கமாட்டார். வண்டி கொக்கியில் ஏறாதவரைதான் பேரம்.