அகண்ட காவிரியின் வடகரை: தொட்டியத்துக் கொடிக்கால்களும் கோயில்களும்

மாயனூருக்கும் முக்கொம்புக்கும் இடைப்பட்ட காவிரிக்கு அகண்ட காவிரி என்று பெயர். மாயனூருக்கு மேலே திருமுக்கூடலூரில் அமராவதி வந்து சேர்ந்த பிறகு ஆறு சரிவு குறைந்து பரந்து ஓடுகிறது. முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவில் அதன் மணற்பரப்பு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். தென்கரையில் மாயனூர், லாலாப்பேட்டை, குளித்தலை. வடகரையில் காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி, குணசீலம். வடகரை ஊர்களுக்குப் பின்னால் வடக்கே தலைமலையும் அதற்கப்பால் கொல்லிமலையும் நிற்கின்றன. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே கிடக்கும் இந்தப் படுகை நிலம் தஞ்சைப் பக்கத்து நெற்களஞ்சியத்தைச் சேர்ந்ததல்ல. இங்கே தோட்டப் பயிர்தான் எப்போதும் முதன்மை: வெற்றிலை, வாழை, கோரை.

இந்தப் பட்டியலில் திராட்சை இல்லை. திராட்சைக்கென்று தமிழ்நாட்டில் வேறொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அது முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. காவிரிக் கரையில் திராட்சை ரசம் வணிகப் பண்டமாக வந்து போனதுண்டு. தொட்டியத்துக்கு மேற்கே உள்ள கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன; அங்கு நடந்த அகழாய்வில் மது கொண்டுவரும் மத்தியதரைக்கடல் சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் ஒருவன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது. ஆனால் அந்தச் சரக்குக்கான கொடி இந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை. இங்கே படர்ந்தது வெற்றிலைக் கொடி. 14ஆம் நூற்றாண்டில் தமிழகம் வரை வந்த பயணி இப்னு பதூதா, வெற்றிலையைப் பற்றி எழுதும்போது, திராட்சைக் கொடியைப் போலவே பந்தல் கட்டியோ தென்னையில் ஏற்றியோ அதை வளர்க்கிறார்கள் என்று குறித்தார். இரண்டையும் கண்ணால் பார்த்தவர் அவர். ஒப்புமை சரியாகவே இருக்கிறது.

அகண்ட காவிரிக் கரையில் வெற்றிலைக்குப் பந்தல் கிடையாது. அகத்தி மரமே கொழுகொம்பு. நிலத்தைப் பண்படுத்தி, மேட்டுப்பாத்தியும் இடையிடையே ஆழமான வாய்க்காலும் எடுத்து, முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது ஒன்றரை மாதம் வளர்ந்ததும் பக்கத்தில் கொடிக்கட்டையை நடுவார்கள். வெற்றிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒவ்வொரு கொடியும் முந்திய கொடியிலிருந்து வெட்டி எடுத்ததுதான். கொடி மேலேற ஏற அதை அகத்தியோடு சேர்த்து வாழை நாராலோ காய்ந்த கோரையாலோ கட்டிக்கொண்டே வரவேண்டும். அகத்தி நான்கு மீட்டர் உயரத்தை எட்டியதும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். கொடி உச்சியைத் தொட்ட பிறகு அதைக் கழற்றி இறக்கி, சுருட்டி அடியில் மண்ணுக்குள் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி மரத்தில் கட்டுவார்கள். கொடி இறக்குதல் என்ற இந்த வேலைதான் கொடிக்காலின் ஆயுளை நீட்டுகிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கொடியை அழித்து, அதே நிலத்தில் வாழையோ நெல்லோ வைப்பது வழக்கம்.

இவ்வளவுக்கும் தேவை இரண்டு: ஆண்டு முழுவதும் ஈரம், ஆனால் ஒருநாளும் தண்ணீர் தேங்காத மண். ஆற்றை ஒட்டிய வண்டல் கலந்த மணல் நிலம் இதற்கென்றே அமைந்தது. நிழலும் ஈரமும் நிறைந்த கொடிக்காலுக்குள் சித்திரை வெயிலிலும் தண்ணென்றிருக்கும். அதே ஈரம்தான் வாடல் நோய்க்கும் வழி; ஒரு மழைக்காலத்தில் தோட்டமே போய்விடலாம். தென்கரையில் சிறுகமணியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் எஸ்.ஜி.எம். 1 என்ற வெற்றிலை ரகத்தை வெளியிட்டது.

இலையை ஏணி வைத்துக் கிள்ளுகிறார்கள். நூறு இலை ஒரு கவுளி. காட்டுப்புத்தூருக்கு மேற்கே உள்ள பரமத்தி வேலூர்ச் சந்தையில் 104 கவுளி ஒரு சுமை. வெள்ளைக்கொடி, கற்பூரி என்று கொடியைப் பிரித்தும், இளம்பயிர், முதிகால் என்று பயிரின் வயதைப் பிரித்தும் விலை சொல்வார்கள். கொடி முதிர முதிர இலையின் விலை இறங்கும். முகூர்த்த மாதங்களில் ஏறும், ஆடியில் சரியும். கோவலன் உணவருந்தி எழுந்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் காலத்திலிருந்து இன்றைய தாம்பூலப் பை வரை, சடங்குதான் இந்தப் பயிரைக் காப்பாற்றி வருகிறது. தினமும் வெற்றிலை போடும் பழக்கம் தேய்ந்துவிட்டது.

     

வாழையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சாலையின் இரு பக்கமும் அதுவே தன்னைக் காட்டிக்கொள்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலரிசி, நேந்திரன் எல்லாம் இங்கே விளைகின்றன. நேந்திரனுக்குக் கேரளத்தில்தான் சந்தை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 1993இல் வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில் அமைத்ததற்கு இந்தப் படுகையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். கோரை, ஆற்றோரத் தாழ்நிலத்துப் பயிர். ஒருமுறை நட்டால் பல ஆண்டு அறுக்கலாம். முசிறிக் கோரைப்பாய்க்கு வெளியூர்களிலும் பெயருண்டு.

படுகையின் பழைய வரலாற்றுக்கு மிகச் சிறந்த சாட்சி, முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில் சீனிவாசநல்லூரில் நிற்கும் கோரங்கநாதர் கோயில். ஊரின் பழம்பெயர் மகேந்திரமங்கலம். கல்வெட்டுகள் இறைவனைத் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள் என்கின்றன. 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, முற்காலச் சோழர் கலை தன் நடையைக் கண்டுகொண்ட பருவத்தில் எழுந்தது இது. பராந்தக சோழன் காலத்தது என்பது பரவலான கருத்து. முதலாம் ஆதித்தன் காலத்துக்கு அதைக் கொண்டுசெல்பவர்களும் உண்டு. மொத்த நீளம் ஏறக்குறைய 50 அடி, விமானத்தின் உயரமும் அதே அளவு. தஞ்சைப் பெருங்கோயிலைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அடித்தளத்தில் விரியும் தாமரை இதழ்கள், யாளி வரிசை, தென்சுவரின் மாடத்தில் சீடர்களும் விலங்குகளும் சூழ அமர்ந்த தட்சிணாமூர்த்தி ஆகியவற்றின் நுட்பம் பெரிய கோயிலில்கூட அரிது. சுவர்ச் சிற்பங்கள் பல சிதைந்திருக்கின்றன. கருவறையில் வழிபாடு இல்லை. குடமுழுக்குக்கு முன்பே குரங்கு ஒன்று புகுந்து தீட்டாக்கியதால் கோயில் கைவிடப்பட்டது என்பது ஊர்க்கதை. பழம்பெயரில் குரங்கு இருப்பதைக் கொண்டு பின்னால் கட்டிய கதையாகவே அது படுகிறது. கோயில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

வழிபாடு நிற்காத கோயில்களுக்கும் இங்கே குறைவில்லை. தொட்டியம் மதுரை காளியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் தேருக்கு வடம் கிடையாது. ஏறத்தாழ 30 அடி உயரமுள்ள இரண்டு தேர்களை ஆட்கள் தோளிலேயே தூக்கி வருகிறார்கள். ஊரிலேயே அனலாடீஸ்வரர் கோயிலும், அருகே திருநாராயணபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் கோயிலும் உள்ளன.

ஆற்றின் இரு கரையையும் ஒரே வழிபாட்டில் கட்டுவது மூன்று சிவத்தலங்கள். காலையில் குளித்தலைக் கடம்பர், மதியம் அய்யர்மலையில் இருக்கும் சொக்கர், அந்தியில் ஈங்கோய்மலை நாதர் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிப்பது பழைய மரபு. முதல் இரண்டும் தென்கரை, மூன்றாவது முசிறிக்குப் பக்கத்தில் வடகரை. கடம்பவனநாதர் ஆற்றைப் பார்த்தபடி வடக்கு நோக்கி இருக்கிறார். தைப்பூசத்தன்று எட்டு ஊர்ச் சுவாமிகள் குளித்தலைக் காவிரிக்கரையில் கூடுவார்கள். அப்பர் பாடிய வாட்போக்கி என்னும் அய்யர்மலைக்கு 1,017 படிகள். அபிஷேக நீரைக் காவிரியிலிருந்து சுமந்துபோய் மலையேற்றுவது இன்றும் நடக்கிறது. சம்பந்தர் பாடிய ஈங்கோய்மலைக்குப் பதினோராம் திருமுறையில் நக்கீரர் பெயரால் எழுபது வெண்பாக்களும் இருக்கின்றன. அகத்தியர் ஈயாகி மலையேறினார் என்கிறது தலபுராணம். படிகள் சுமார் 500. மேலிருந்து பார்த்தால் ஆறு, மணல், வாழைத்தோட்டம், எதிர்க்கரையின் அய்யர்மலை எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். தலைமலையின் உச்சியில் பெருமாள் கோயில் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் ஏறும். கோயில் வெளிச்சுவரின் குறுகிய விளிம்பில் தொற்றிக்கொண்டு வலம் வருவதை நேர்த்திக்கடனாகச் செய்தவர்களில் விழுந்து இறந்தவரும் உண்டு. அதைச் செய்யாமல் திரும்புவதால் புண்ணியம் ஒன்றும் குறையாது.

நவீன காலம் இரு கரைகளையும் வேறுவேறாக நடத்தியது. 1860களில் திருச்சி–ஈரோடு ரயில்பாதை தென்கரையில் போடப்பட்டது. வடகரைக்கு ரயில் வரவே இல்லை. முசிறி–குளித்தலைப் பாலம் வரும்வரை மறுகரைக்குப் பரிசல்தான். 1924 ஜூலை வெள்ளம் இந்தக் கரைகளை முழுதாக நனைத்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அத்தகைய பெருக்கு அரிதாயிற்று. கூடவே வண்டலும் அணைக்குள் தங்கத் தொடங்கியது. அதற்கு மேல் மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்தது. வாய்க்கால் தலைப்புகளில் நீர் ஏறுவது சிக்கலானது. மாயனூருக்கும் வடகரைச் சீலைப்பிள்ளையார்புத்தூருக்கும் இடையே 98 மதகுகளுடன் கதவணை கட்டி 2014இல் திறந்தார்கள். அதன்மேல் போகும் பாலம் தொட்டியம் வட்டாரத்துக்குத் தென்கரையைப் பக்கத்தில் கொண்டுவந்தது. கீழே முக்கொம்பில், 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

அய்யர்மலைக்கு 2024 ஜூலையில் கம்பிவட ஊர்தி வந்துவிட்டதால், மதியச் சொக்கரைப் பார்க்க வெயிலில் ஆயிரம் படி ஏறவேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று தலங்களையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர் குளித்தலையில் தொடங்கி, அந்தியில் ஈங்கோய்மலைக்கு வருவதே உசிதம். வெயில் சாய்ந்த பிறகு பாறை காலைச் சுடாது. சீனிவாசநல்லூருக்கு மட்டும் தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.