லெய்டன் பாத்திரம் கற்பித்த பாடம்

1746ஆம் ஆண்டு, ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில், பேராசிரியர் மஸ்ஸன்புரூக் நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் மின்னைத் தேக்க முயன்றார். பாத்திரத்தை ஒரு கையில் ஏந்தி, அதனோடு இணைந்த உலோகத்தை மறுகையால் தொட்டதும் அவர் உடல் முழுவதும் அதிர்ந்தது. இதனை எவரும் செய்து பார்க்க வேண்டாமெனப் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூருக்கு எழுதினார்.

அப்பாத்திரத்தின் வழித்தோன்றலே இன்றைய ஒடுக்கி. 1960களில், வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாகத் திரான்சிஸ்டர்கள் பொருத்தப்பட்ட கித்தார் ஒலிபெருக்கிகளிலும் அது இடம்பெற்றது. குழாய்க் கருவிகளிலும் பார்க்க இவற்றின் உள்ளே மின்னழுத்தம் குறைவே. எனினும், செருகியைக் கழற்றிய பின்னரும் ஒடுக்கியில் மின் தங்கி நிற்கலாம். பழுதுபார்ப்போர் தக்க தடையொன்றின் வழியே அதனை வெளியேற்றி, மின்னழுத்தமானியால் சோதித்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

மின்னிணைப்பு அறுந்ததும் ஆபத்தும் அகன்றதென எண்ணுவது, லெய்டன் நகரின் பாடத்தை மறப்பதாகும்.