பைத்தான் ஊடாட்ட இன்டர்ப்ரெட்டர்

பைத்தான் நிரலைக் கோப்பில் எழுதி முடித்து இயக்காமல், வரிவரியாகத் தட்டி அவ்வப்போதே விடை பார்க்க உதவும் கட்டளைவரிச் சூழல். டெர்மினலில் பைத்தானை வெறுமனே திறந்தால் வந்து நிற்கும் மூன்று கோணக்குறிகள் (>>>) இதன் அடையாளம். தட்டியதைப் படித்து, கணித்து, விடையைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும் இந்தச் சுற்றுக்கு நிரலர்கள் வைத்த பெயர் 'ரெப்பல்'. இது பைத்தானுடன் பிறந்த வழக்கமல்ல. 1960களிலேயே லிஸ்ப் மொழியில் இருந்தது.

கீடோ வான் ராசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பைத்தானை எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. நீண்ட காலம் அதன் ரெப்பலில் வசதிகள் குறைவாகவே இருந்தன. கடைசி விடை அடிக்கோடு (_) என்ற பெயரில் கிடைக்கும். முடியாத வரியை அடுத்து மூன்று புள்ளிகள் தோன்றும். அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் மாற்றிக்கொள்ள விரும்புவோருக்குச் சில கதவுகள் தாழிடாமல் விடப்பட்டிருந்தன.

ஒன்று, கோணக்குறிகளே. 'சிஸ்' தொகுதியில் 'பிஎஸ்1' என்ற மாறியில் அவை இருக்கின்றன. அங்கே எழுத்துச்சரத்துக்குப் பதில் வேறொரு பொருளை வைத்தால், ஒவ்வொரு வரிக்கும் அது புதிதாக எழுத்தாக மாற்றப்படும். வரி எண்ணோ மணியோ காட்டுவது எளிது. இரண்டாவது, 'பைத்தான்ஸ்டார்ட்டப்' என்ற சூழல் மாறி. அது சுட்டும் கோப்பு, ரெப்பல் திறந்ததும் ஓடும். நிரல்கோப்பை இயக்கும்போது ஓடாது. ஒருவரின் சொந்த ஏற்பாடு அவர் எழுதும் நிரலுக்குள் நுழையாமல் காக்கும் நல்ல வரம்பு இது. டேப் விசையால் பெயர்களை நிரப்புவதையும் பழைய கட்டளைகளைச் சேமிப்பதையும் பலர் இக்கோப்பில்தான் எழுதிவைத்தார்கள். 2014இல் வந்த 3.4 பதிப்பில் அவை இயல்பாகவே சேர்ந்தன.

மூன்றாவது கதவு 2001இல் 2.1 பதிப்பில் திறந்தது: விடையைக் காட்டும் செயற்கூறையே மாற்றிவைக்கலாம். அதே பதிப்பில், டிம் பீட்டர்ஸ் எழுதிய 'டாக்டெஸ்ட்' தொகுதியும் சேர்ந்தது. ரெப்பலில் நடந்ததை அப்படியே ஆவணத்தில் ஒட்டினால் அதுவே சோதனையாகிவிடும்.

அந்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், மாத்தமாட்டிகா என்ற கணித மென்பொருளில் பழகிய எண்ணிட்ட உள்ளீடு-வெளியீடு வரிசை பைத்தானில் இல்லையே என்று 259 வரிகளில் ஒரு தொடக்கக் கோப்பு எழுதினார். ஐபைத்தானின் முதல் வடிவம் அதுதான். வேறு இருவரின் ஒத்த முயற்சிகள் அதில் கலந்தன. 2011இல் உலாவியில் இயங்கும் நோட்புக் வந்தது. 2014இல் அதன் மொழி சாராத பகுதி ஜூப்பிட்டர் எனப் பிரிந்தது. தொடக்கக் கோப்பு ஒன்று தாய்வீட்டையே சிறிதாக்கிவிட்டது என்றால் மிகையில்லை.

தாய்வீடு புதுப்பிக்கப்பட்டது 2024 அக்டோபரில், 3.13 பதிப்பில். பைத்தானின் மாற்றுச் செயலாக்கமான பைபை திட்டத்தின் நிரலை அடிப்படையாகக் கொண்டு பலவரித் திருத்தமும் வண்ணமும் சேர்ந்தன. பழையதே போதும் என்பவர்களுக்கு 'பைத்தான்_பேசிக்_ரெப்பல்' என்ற சூழல் மாறி இருக்கிறது. அதுவரை 'எக்ஸிட்' என்று தட்டினால், வெளியேறுவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு ரெப்பல் அங்கேயே நிற்கும்; அடைப்புக்குறி போட்டாக வேண்டும். இப்போது சொன்னதும் மூடிக்கொள்கிறது.