கரும்புள்ளியின் கதை: அல்கிந்தி முதல் கோடைக்கானல் வரை

ஹிஜ்ரி 225ஆம் ஆண்டு (கி.பி. 840), கலீஃபா முஃதஸிமின் ஆட்சிக் காலத்தில் சூரியனின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு கரும்புள்ளி தென்பட்டது. அது 91 நாட்கள் நீடித்ததென்றும், வெள்ளிக் கோள் சூரியனை மறைத்ததே காரணமென்றும் அல்கிந்தி கூறியதாக இப்னுல் கிஃப்தி தமது அறிஞர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

கண்டது மெய்; கொண்ட முடிவு பிழை. வெள்ளி சூரியனைக் கடக்கச் சில மணி நேரமே ஆகும். சூரியனோ தன்னைத்தானே சுற்றுகிறது. நம் பார்வையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாட்கள். ஆகவே ஒரு புள்ளி இரு வாரம் தோன்றிப் பின் மறையும். நீடித்தால் மீண்டும் வரும். அந்த 91 நாட்களில் இத்தகைய வருகைகள் சில அடங்கியிருக்க வேண்டும். விண்பொருட்களில் மாற்றமோ மாசோ இராது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையே அப்பேரறிஞரின் கண்ணை மறைத்தது என்று கருதுகிறேன். 'கரும்புள்ளியை முதலில் கண்டவர் நம்மவரே' என மேடைகளில் முழங்குவோர் இதைச் சொல்வதில்லை. (சீனர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டு எழுதி வைத்துள்ளனர்.)

புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்கரான ஹேல் நிறுவினார். அடியிலிருந்து வெப்பத்தைச் சுமந்து மேலெழும் வாயுவின் கொதிப்பை அக்காந்தம் தடுக்கிறது. எனவே அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 2000 டிகிரி வெப்பம் குறைந்து, ஒப்பீட்டளவில் கறுத்துத் தெரிகிறது. தனியே எடுத்து வானில் வைத்தால் அதுவும் கண்ணைக் கூசச் செய்யும்!

புள்ளிக்குள் வாயு சூறாவளிபோல் சுழல வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் நம் பழனி மலைமீதுள்ள கோடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் நிறமாலைக் கோடுகளை அளந்தார். சுழற்சி தென்படவில்லை. புள்ளியின் சாம்பல் நிற ஓரத்தில் வாயு, மையத்திலிருந்து வெளிநோக்கி, வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதைக் கண்டார், கண்டதையே எழுதினார். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது. அல்கிந்திக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு கருவியில் மட்டும் இல்லை.

வண்ணார்பேட்டையிலிருந்து இதை எழுதுகையில் ஒரு குறை உறுத்துகிறது. தொழுகை நேரம் கணிக்கச் சூரியன் நிற்கும் இடத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அதன் இயல்பைக் கற்பிப்பதில்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அக்கலத்தில் சூரியனின் ஒளிவளையத்தை ஆராயும் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனமே கோடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது.